ஆப்பிரிக்கா மேப்பில் ஏன் இத்தனை நேர்கோடுகள்? பெர்லினில் 14 நாடுகள் போட்ட கணக்கும், இன்றும் தீராத கடனும்

கையில் இருக்கிற மொபைலில் மேப்பைத் திறந்து ஆப்பிரிக்காவைப் பாருங்க. எகிப்தின் தெற்கு எல்லை, அல்ஜீரியாவின் கீழ்ப்பக்கம், நமீபியாவின் கிழக்குப் பக்கம்... எல்லாமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

ஆறு வளைந்து ஓடும். மலை வளைந்து போகும். மக்கள் பேசுகிற மொழிகூட ஊருக்கு ஊர் மெல்லத்தான் மாறும். ஆனா இந்த எல்லைகள் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகின்றன. ஏன்?

அந்த மண்ணில் காலே வைக்காதவர்கள் மேஜையில் உட்கார்ந்து போட்ட கோடுகள் அவை. இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்போம். ஆனால் கோடு பாதிக் கதைதான். அந்தக் கோட்டுக்குள்ளே என்ன மாதிரியான அரசாங்கத்தை உருவாக்கினார்கள் என்பதுதான் மீதிக் கதை. காங்கோவில் இன்று வரை துப்பாக்கிச் சத்தம் ஓயாததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்பு ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?

'யாரும் ஆளாத காலி நிலம், ஐரோப்பியர்கள் வந்துதான் நாடு என்று ஒன்றை உருவாக்கினார்கள்' என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. அது தவறு.

இன்றைய கானா பகுதியில் அசாந்தே பேரரசு இருந்தது. இன்றைய வடக்கு நைஜீரியாவில் சோகோட்டோ கலீபகம். உகாண்டாவில் புகாண்டா அரசு. தெற்கே ஜூலு அரசு. கிழக்கே எத்தியோப்பியா. இவர்களிடம் படை இருந்தது, வரி வசூல் இருந்தது, வழக்கு தீர்க்கும் முறை இருந்தது. அரசர் இல்லாமல், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியே எல்லாவற்றையும் முடிவு செய்த சமூகங்களும் இருந்தன.

1880 வாக்கில் ஆப்பிரிக்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் ஐரோப்பியர் கையில் இருந்தது. அல்ஜீரியாவையும் தென் முனையையும் விட்டால், பெரும்பாலும் கடற்கரைத் துறைமுகங்கள், கோட்டைகள். 1914-ல் அது சுமார் 90 சதவீதம். சுதந்திரமாக மிஞ்சியவை எத்தியோப்பியா, லைபீரியா என்று இரண்டே நாடுகள்.

ஒரு தலைமுறைக்குள், 35 வருஷத்துக்குள் இது நடந்து முடிந்தது.

திடீரென்று ஏன் இந்த அவசரம்?

முதல் காரணம், மருந்து. மலேரியாவுக்குப் பயந்துதான் ஐரோப்பியர்கள் உள்நாட்டுக்குள் போகாமல் இருந்தார்கள். குயினைன் வந்ததும் அந்தப் பயம் குறைந்தது.

இரண்டாவது, நீராவிப் படகும் தந்தியும். ஆற்றை எதிர்த்துப் போகலாம். தலைநகரத்துக்கு உடனே செய்தி அனுப்பலாம்.

மூன்றாவது, துப்பாக்கி. 1884-ல் ஹைரம் மாக்சிம் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி நிமிஷத்துக்குப் பல நூறு குண்டுகளைச் சுட்டது.

நான்காவது, பணம். ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கு ரப்பர், பாமாயில், பருத்தி, தாமிரம் எல்லாம் தேவைப்பட்டன.

இத்தனைக்கும் மேலே போட்டி. 1882-ல் பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியதும் பிரான்ஸுக்குப் பொறுக்கவில்லை. புதிதாக ஒன்றுபட்ட ஜெர்மனியும் இத்தாலியும் 'எங்க பங்கு எங்கே?' என்று வரிசையில் வந்து நின்றன.

பெர்லினில் என்ன நடந்தது?

இந்தப் போட்டி ஐரோப்பாவுக்குள் சண்டையாக மாறிவிடக் கூடாது என்று ஜெர்மனியின் பிரதமர் பிஸ்மார்க் ஒரு மாநாட்டைக் கூட்டினார். 1884 நவம்பர் 15-ல் தொடங்கி 1885 பிப்ரவரி 26 வரை நடந்தது. 14 நாடுகள் கலந்துகொண்டன. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, போர்ச்சுகல், பெல்ஜியம் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லாத அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன்-நார்வே, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவையும் அதில் அடக்கம்.

ஆப்பிரிக்காவிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம்.

'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்த மூன்றரை மாசமும் அங்கே நடந்தது அதுதான்.

அப்படியானால் அந்த மேஜையிலேயே கேக் வெட்டுகிற மாதிரி ஆப்பிரிக்காவை வெட்டினார்களா? இல்லை. இதை நிறைய பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைய எல்லைகளில் பெரும்பாலானவை பெர்லினில் போடப்பட்டவை அல்ல. அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து போட்ட தனித்தனி ஒப்பந்தங்களில் வந்தவை.

பெர்லினில் போட்டது கோடு அல்ல, விதி. காங்கோ ஆற்றுப் படுகையில் எல்லோரும் சுதந்திரமாக வணிகம் செய்யலாம், காங்கோ, நைஜர் ஆறுகளில் எல்லோரும் கப்பல் விடலாம், அடிமை வணிகத்தைத் தடுப்போம் என்றெல்லாம் எழுதினார்கள். கூடவே ஒன்று: இனி கடற்கரையில் ஒரு புது இடத்தை உரிமை கொண்டாடினால், மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கே நிஜமாகவே அதிகாரத்தை நிறுவிக் காட்ட வேண்டும்.

நம்ம ஊர் நில வழக்குகளில் 'அனுபவ பாத்தியதை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே லாஜிக். யார் போய் வளைத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கே சொந்தம். கடற்கரைக்கு எழுதிய விதிதான். ஆனால் உள்நாட்டிலும் அதே மனநிலையில்தான் ஓடினார்கள். ஒரே வித்தியாசம், இங்கே நிலத்துக்காரர் அங்கேயே குடியிருந்தார். அவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கோடு போட்ட விதம் எப்படி?

சில உதாரணங்களைப் பார்த்தாலே போதும்.

நமீபியாவின் வடகிழக்கு மூலையில் வால் மாதிரி 450 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்துண்டு நீண்டிருக்கும். 1890-ல் ஜெர்மனி பிரிட்டனோடு பேரம் பேசி வாங்கியது. அந்த வழியாக சாம்பேசி ஆற்றைப் பிடித்து, கிழக்குக் கடற்கரை வரை போய்விடலாம் என்பது கணக்கு. ஆனால் ஆற்றில் கொஞ்ச தூரம் போனதுமே விக்டோரியா அருவி! கப்பல் எங்கே போகும்? அன்றைய ஜெர்மன் பிரதமர் காப்ரிவியின் பெயரில் அந்த வால் மட்டும் மேப்பில் நின்றுவிட்டது.

காம்பியா என்ற நாட்டைத் தேடிப் பாருங்க. ஓர் ஆற்றின் இரண்டு கரைகளும்தான் நாடு. அகலமான இடத்தில்கூட 50 கிலோமீட்டர் இல்லை. கடல் பக்கம் தவிர மூன்று பக்கமும் செனகல். 1889-ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்த ஏற்பாடு அது. இந்தக் கரையில் இங்கிலீஷ் ஆட்சிமொழி, அந்தப் பக்கம் பிரெஞ்சு. எல்லைக்கு இரண்டு பக்கமும் வாழ்வதோ அதே வோலோஃப், மாண்டிங்கா மக்கள்.

கென்யா-டான்சானியா எல்லை, விக்டோரியா ஏரியிலிருந்து நேராக வந்து கிளிமஞ்சாரோ மலையைச் சுற்றி வளைந்து, மறுபடியும் நேராகக் கடலுக்குப் போகும். 1886-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் பேசி முடித்தது. மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம் அந்தக் கோட்டில் இரண்டாகப் பிளந்தது.

எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் பிர் தாவில் என்று சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் பாலைவனம் இருக்கிறது. அதை இரண்டு நாடுகளும் 'எங்களுக்கு வேண்டாம்' என்கின்றன. காரணம், பிரிட்டிஷ்காரர்கள் 1899-ல் ஒரு கோடு போட்டார்கள், 1902-ல் நிர்வாக வசதிக்கு வேறொரு கோடு போட்டார்கள். பக்கத்தில் கடலை ஒட்டி இருக்கும் ஹலாயிப் பகுதி எகிப்துக்கு வேண்டுமானால் முதல் கோட்டைப் பிடிக்க வேண்டும். சூடானுக்கு வேண்டுமானால் இரண்டாவது கோட்டை. எந்தக் கோட்டைப் பிடித்தாலும் பிர் தாவில் எதிராளிக்குப் போய்விடும். அதனால் அது யாருக்கும் வேண்டாத பிள்ளை ஆகிவிட்டது.

பேப்பரில் இருந்த கோடு, தரைக்கு எப்படி வந்தது?

முதலில் ஒப்பந்தம். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் உள்ளூர்த் தலைவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். 1889-ல் எத்தியோப்பியாவும் இத்தாலியும் செய்த உச்சாலி ஒப்பந்தம் இதற்கு நல்ல உதாரணம். வெளிநாடுகளோடு பேச, விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்றது அம்ஹாரிக் மொழிப் பிரதி. இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்றது இத்தாலியப் பிரதி. ஒரே ஒப்பந்தம்தான், ஒரு சொல்லில் ஒரு நாட்டின் சுதந்திரமே போய்விடும்.

எத்தியோப்பிய மன்னர் இரண்டாம் மெனலிக் அதை ஏற்கவில்லை. அவரும் நவீனத் துப்பாக்கிகளை வாங்கிக் குவித்திருந்தார். 1896 மார்ச் 1-ல் அத்வா போர்க்களத்தில் இத்தாலியப் படை தோற்று ஓடியது.

ஆனால் அத்வா ஒரு விதிவிலக்கு. இரண்டே வருஷம் கழித்து, 1898 செப்டம்பர் 2-ல் சூடானின் ஓம்துர்மான் போரில் ஒரே காலைப் பொழுதில் சுமார் 10,000 சூடானியர்கள் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் தலைமையிலான படையில் இறந்தவர்கள் 50 பேர் அளவில்தான். மாக்சிம் துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லவே தேவையில்லை.

காங்கோ: ஒரு நாடே ஒரு மனிதரின் சொத்து

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம்.

பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட். தன் நாட்டைப் போல 75 மடங்குக்கும் பெரிய காங்கோவை, பெல்ஜியத்துக்காக அல்ல, தனக்காகவே வாங்கிக்கொண்டார். ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி என்ற பயணியை அனுப்பி, நூற்றுக்கணக்கான தலைவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அடிமை முறையை ஒழிக்கப் போகிறேன், நாகரிகம் கொண்டுவரப் போகிறேன் என்று உலகத்துக்குச் சொன்னார். உலகமும் நம்பியது. 1885-ல் 'காங்கோ சுதந்திர அரசு' பிறந்தது. பெயரில் மட்டும்தான் சுதந்திரம். லியோபோல்ட் ஒருமுறைகூட காங்கோவுக்குப் போனதில்லை.

1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிள், பிறகு கார் என்று ரப்பருக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. காங்கோ காட்டில் ரப்பர் கொடி தானாக வளர்ந்து கிடந்தது. அதை எடுக்க ஆள் வேண்டும். ஊருக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தார்கள். கொடுக்காத ஊரில் பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். ஊரைக் கொளுத்தினார்கள். சிப்பாய்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்டவரின் கையை வெட்டி எடுத்து வந்து கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட உயிரோடு இருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் இ.டி.மோரல். கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க். காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்து வருகின்றன. திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும்தான் அதிகம் போகின்றன. வணிகம் என்றால் பதிலுக்குச் சரக்கு போக வேண்டாமா? வெறும் கணக்குப் புத்தகத்தை வைத்தே அங்கே நடப்பது வணிகம் இல்லை, கட்டாய உழைப்பு என்று அவர் கண்டுபிடித்தார். 1904-ல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை அதை உறுதி செய்தது. மிஷனரியான ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த புகைப்படங்கள் உலகத்தை உலுக்கின.

எதிர்ப்பு தாங்காமல் 1908-ல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைத்தார். அதற்கு முன் ஆவணங்களை எரிக்க உத்தரவிட்டார். கொலை, பசி, நோய் எல்லாம் சேர்ந்து எத்தனை உயிர்கள் போயின என்பதற்குத் துல்லியமான கணக்கு கிடையாது. ஒரு கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுபவர்களும் உண்டு.

சரி, இந்த 'அரசு' என்ன வேலைக்காக உருவானது?

இதுதான் முக்கியமான கேள்வி. நமக்கு அரசு என்றால் ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் நினைவுக்கு வரும். சரியாகக் கிடைக்காவிட்டால் திட்டுகிறோம். அப்படித் திட்டுவதற்கே, அது நமக்காக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டும் இல்லையா?

காலனி அரசு அதற்காகக் கட்டப்பட்டது அல்ல. காங்கோ அதன் கொடூரமான முகம். மற்ற இடங்களில் முகம் கொஞ்சம் மாறியது. வேலை பெரிதாக மாறவில்லை.

ரயில் பாதை பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குத்தான் போனது, ஊருக்கும் ஊருக்கும் நடுவே அல்ல. வரியைப் பணமாகக் கட்டச் சொன்னார்கள். பணம் வேண்டுமென்றால் தோட்டத்திலோ சுரங்கத்திலோ கூலிக்குப் போயே ஆக வேண்டும். 1898-ல் சியரா லியோனில் வீட்டுக்கு வரி போட்டபோது அது போராகவே வெடித்தது.

அரசரே இல்லாத சமூகங்களுக்கும் 'தலைவர்' நியமித்தார்கள். தென்கிழக்கு நைஜீரியாவில் அப்படி நியமித்த தலைவர்களின் அட்டூழியத்தையும், தங்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தியையும் எதிர்த்து 1929-ல் பெண்கள் திரண்டார்கள். படை சுட்டதில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். பழைய தலைவர் தப்பு செய்தால் ஊர் கேட்கும். புதுத் தலைவருக்கு ஊர் தேவையில்லை. வெள்ளைக்கார அதிகாரி போதும்.

ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930-களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்தது. அதில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று இனம் எழுதப்பட்டது. ஒரே மொழி பேசி, ஒரே ஊரில் வாழ்ந்தவர்களுக்கு நடுவே இருந்த நெகிழ்வான பிரிவு, அட்டையில் ஏறியதும் இறுகிப்போனது. 1994-ல் சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட இனப்படுகொலையில், சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

சுதந்திரம் வந்ததும் கோட்டை அழித்திருக்கலாமே?

1960-ல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்றன. ஆனால் கையில் கிடைத்தது என்ன?

காங்கோவையே பாருங்க. 1960 ஜூன் 30-ல் சுதந்திரம். அன்றைக்கு அவ்வளவு பெரிய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோக்காரர்கள் 30 பேரைத் தாண்டவில்லை. ராணுவத்தில் ஒரு காங்கோ அதிகாரிகூடக் கிடையாது. முதல் பிரதமர் பட்ரிஸ் லுமும்பா ஏழே மாதங்களில், 1961 ஜனவரி 17-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965-ல் ஆட்சியைப் பிடித்த மொபுட்டு, அமெரிக்காவின் ஆதரவோடு 1997 வரை நாட்டைச் சுரண்டினார். எடுத்துக்கொண்டு போக மட்டுமே கட்டிய இயந்திரம், ஓட்டுநர்தான் மாறினார்.

எல்லைகளைப் பற்றித் தலைவர்கள் யோசிக்காமல் இல்லை. 1963-ல் உருவான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, 1964-ல் கெய்ரோவில் கூடி, 'சுதந்திரம் வந்தபோது இருந்த எல்லைகளை மதிப்போம்' என்று தீர்மானம் போட்டது. தப்பான கோடு என்று தெரிந்தேதான். ஒன்றை அழிக்க ஆரம்பித்தால் கண்டம் முழுக்கச் சண்டை வரும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. பிறகு எரித்ரியா (1993), தெற்கு சூடான் (2011) என்று புது நாடுகள் பிறந்தபோது, பல ஆண்டுப் போரும் கூடவே இருந்தது.

அப்போ எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன்தான் காரணமா?

நியாயமான கேள்வி. கோடு மட்டும்தான் பிரச்னை என்றால் சோமாலியா அமைதியாக இருந்திருக்க வேண்டும். அங்கே பெரும்பான்மையோருக்கு ஒரே மொழி, ஒரே மதம். ஆனால் 1991-ல் அரசே சிதறிப்போனது. இன்னொரு பக்கம், சோமாலியர்களை ஐந்து ஆட்சிகளாகப் பிரித்திருந்ததும் உண்மை. சோமாலியக் கொடியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஐந்து முனைகள் அந்த ஐந்து பகுதிகளைத்தான் குறிக்கின்றன. அதில் ஒன்றை மீட்க எத்தியோப்பியாவோடு 1977-ல் போட்ட போரில் தோற்றது, நாட்டின் சரிவுக்கு ஒரு காரணம்.

போட்ஸ்வானா இதற்கு நேர்மாறு. அங்கே பிரிட்டிஷார் பெரிதாக எதுவும் செய்யவில்லை. உள்ளூர் ஊர்க்கூட்ட முறை பெருமளவு அப்படியே தப்பியது. 1966-ல் சுதந்திரம் கிடைத்த பிறகு வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தைப் பெருமளவு நாட்டுக்கே செலவு செய்யும் அரசும் இருந்தது. காலனி ஆட்சி குறைவாகத் தொட்ட இடத்தில், கேள்வி கேட்கும் பழக்கம் மிஞ்சியது.

ஆக, மொபுட்டு போன்றவர்கள் செய்த தப்புக்கு அவர்கள்தான் பொறுப்பு. ஆனால் ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வசதியான கஜானாவை அவர்களுக்குக் கட்டிக்கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

1945-ல் ஐ.நா. சபை தொடங்கியபோது 51 உறுப்பு நாடுகள். அதில் ஆப்பிரிக்கா சார்பில் 4 நாடுகள் மட்டுமே. இன்று 193-ல் 54 ஆப்பிரிக்க நாடுகள். ஆனால் பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை. பெர்லின் மேஜையில் இருந்த பிரிட்டனும் பிரான்ஸும் அங்கே வீட்டோ அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கின்றன.

சில மாற்றங்களும் நடக்கின்றன. 2020-ல் பெல்ஜிய மன்னர் பிலிப், காங்கோவில் நடந்தவற்றுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 1904 முதல் 1908 வரை நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்றது இனப்படுகொலைதான் என்று 2021-ல் ஜெர்மனி ஒப்புக்கொண்டது. 2022-ல் லுமும்பாவின் உடலில் மிஞ்சிய ஒரே ஒரு பல், அவர் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆனால் 2025 ஜனவரியில் கிழக்கு காங்கோவின் கோமா நகரத்தை எம்23 கிளர்ச்சிக் குழு கைப்பற்றியது. அந்தச் சண்டையின் வேர், 1994-க்குப் பிறகு ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் வரை போகிறது. அதற்கும் பின்னால் அந்த அடையாள அட்டை இருக்கிறது. சண்டை நடக்கும் அந்தப் பகுதியில் கோல்டான் தாது கிடைக்கிறது. மின்னணுக் கருவிகளின் சின்னச் சின்ன பாகங்களுக்கு அது தேவை. அதே நாட்டின் தெற்கே, உலகத்தில் தோண்டி எடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் கிடைக்கிறது. அது பேட்டரிக்குப் போகிறது.

அன்றைக்கு சைக்கிள் டயர். இன்றைக்கு செல்போன். மோரல் கேட்ட கேள்வி இன்னும் பழசாகவில்லை: அங்கிருந்து இவ்வளவு சரக்கு வருகிறதே, பதிலுக்கு அந்த மக்களுக்கு என்ன போகிறது? இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கிற மொபைலில்கூட அந்த மண்ணின் துளி கொஞ்சம் இருக்கலாம்.